தசமம் சொன்ன பொய்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சண்டைதான். பாத்திரம் பறக்கிற சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். மாமாவும் மச்சானும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, துப்பாக்கிச் சட்டம் வந்தால் நாட்டில் குற்றம் குறையுமா குறையாதா என்று தொண்டை வறளப் பேசுகிற சண்டை. காலையில் ஆரம்பித்தால் சாப்பாடு ஆறி அவலாகும்வரை ஓயாது. கீழ்வீட்டுக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டு இவர்களைக் கேட்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. டிவியில் வருகிற விவாதத்தைவிட இது தேவலை என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை.

மச்சானுக்குப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. எங்கே எத்தனை திருட்டு, எத்தனை வெட்டுக்குத்து, எத்தனை துப்பாக்கிச் சூடு என்று காவல் நிலையங்களிலிருந்து வருவதையெல்லாம் கூட்டிக் கழித்து மேலே அனுப்புகிற பிரிவு. வீட்டில் அவனுக்குத் தசமம் என்று பெயர். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால், "போன வாரத்தை விடவா, பொதுவாவா?" என்று திருப்பிக் கேட்பான். மழை வருமா என்றால், "எந்த ஏரியாவுல?" என்பான். இப்படிப்பட்டவனுக்கு அக்காவாகப் பிறந்துவிட்டு ஒருத்தி பொறுமை கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

அந்த அக்காவுக்குக் கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. தெருவே அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். நாள் முழுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எத்தனை முணுமுணுப்பு, எத்தனை சந்தேகம். சில பேருக்கு எதைப் போட்டாலும் முதலில் போட்டதுதான் நன்றாக இருந்தது என்று தோன்றும். அவளும் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவள் வீட்டுக்காரர், அதாவது அந்த மாமா, வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர். அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. துப்பாக்கியை வங்கி கொடுக்காது. சொந்தமாகத் துப்பாக்கியும் அதற்கு லைசென்சும் வைத்திருப்பவனுக்குத்தான் வேலை. தையல்காரர் தன் கத்தரிக்கோலைத் தானே கொண்டுவருகிற மாதிரி, இவர் தன் ரெட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் போவார், சாயங்காலம் வருவார். வாழ்நாளில் ஒரு தடவைகூட அதை யார் மீதும் சுட்டதில்லை. சுடாமல் இருப்பதுதான் அந்த வேலை என்று பெருமையாகச் சொல்வார்.

பிறகு வங்கிக்காரர்கள் கேமரா வைத்தார்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு வைத்தார்கள். அதற்கப்புறம் இவரைக் கூப்பிட்டு, மரியாதையாகக் கை குலுக்கி, ஒரு சுவர்க்கடிகாரத்தையும் கொடுத்து, "இனிமே ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரெஸ்ட் எடுக்கச் சொன்னவர்களுக்கு என்ன தெரியும்? மனுஷன் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். முதலில் முகச்சவரத்தை விட்டார். அப்புறம் செய்தித்தாளை விட்டார். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசு" என்று போனை நீட்டிவிடுவார். விடியுமுன்னே எழுந்து, விளக்குகூடப் போடாமல், கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். என்னங்க என்று கேட்டால் ஒண்ணுமில்லை. சாப்பிடுங்க என்றால் பசியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் வேறு. மச்சான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் முதுகு நிமிரும்.

"வா மச்சான். உங்க சட்டசபைல என்ன சொல்றாங்க? திருடனுங்க எல்லாம் வரிசைல நின்னு துப்பாக்கியைக் குடுக்கப் போறாங்களாமா?"

"திருடன் கையில இருக்கறதும் ஒரு காலத்துல நல்லவன் ஒருத்தன் வீட்டு பீரோவுல இருந்ததுதான் மாமா. அங்கேருந்து திருடு போனது."

"என் பீரோவுல கை வைக்க ஒருத்தன் வரட்டும் பார்ப்போம்!"

இப்படித்தான் தொடங்கும். துப்பாக்கியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வருகிறது வருகிறது என்று நாடே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சட்டசபையில் முட்டிக்கொண்டு கிடந்தது. எப்போது வரும், வருமா வராதா என்று கடவுளுக்கே வெளிச்சம். அதற்கு நடுவே, விருப்பப்பட்டவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடலாம், யாரும் துருவிக் கேட்க மாட்டோம் என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அந்த அறிவிப்பைக் கண்ணாடியக்கா கடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு நாள் மதியம் அவள் வழக்கத்துக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்தாள். கடையில் கரண்ட் இல்லை, அவ்வளவுதான் விஷயம். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி. துடைக்கிறார் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவர் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தால் வாசற்படியிலேயே எண்ணெய் வாசனை வரும். கீழே பழைய துணி விரித்திருக்கும். குச்சியும் தூரிகையும் வரிசையாகக் கிடக்கும். அன்றைக்குத் துணியும் இல்லை, குச்சியும் இல்லை, எண்ணெய் வாசனையும் இல்லை. அவர் அதைத் தொட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும், எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தவர் மாதிரி விழித்தார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான். நீ என்ன சீக்கிரம் வந்துட்ட?"

அவள் "கரண்ட் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் எதையோ கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். அன்று முதல் கடையில் இருக்கும்போது அவளுக்குக் கடையில் மனசில்லை. ஏதாவது ஒரு சாக்கைச் சொல்லி வீட்டுக்குப் போன் அடிப்பாள். அவர் எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் கடைப் பூட்டைக் கையில் எடுத்துவிடுவாள்.

நேரே கேட்டுவிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். சொல்வது சுலபம். ராத்திரியும் பகலும் கூடவே இருக்கிற மனுஷனிடம், நீங்கள் சாகப் போகிறீர்களா என்று எந்த வாயால் கேட்பது? கேட்டு, அவர் இல்லை என்று சொன்னால் நம்ப முடியுமா? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது. ஒளித்துவைக்கவும் வழியில்லை. துப்பாக்கி தானாக வீட்டைவிட்டுப் போக வேண்டும், அவர் மானமும் போகக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் அவள் புத்திக்கு எட்டியது. வாதத்தில் அவர் தோற்க வேண்டும்.

தம்பிக்குப் போன் செய்தாள். "டேய், இந்த ஞாயித்துக்கிழமை நீ ஜெயிக்கணும்."

"எதுல அக்கா?"

"அந்தச் சட்டம் நல்லதுன்னு அவரு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா துப்பாக்கியை ஸ்டேஷன்ல குடுக்கச் சொல்லிடலாம். பீரோவுல இடம் அடைக்குது."

பீரோவில் இடம் அடைக்கிறது என்பதை அவன் அப்படியே நம்பிவிட்டான். அவனுக்குக் காரணம் முக்கியமில்லை, வேலை முக்கியம். வாரம் முழுக்கப் படித்துவிட்டு, தாள்களை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு வந்தான்.

நன்றாகத்தான் தொடங்கினான். பக்கத்து மாகாணத்தில் இந்தச் சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. அங்கே கொலை குறைந்திருக்கிறது. வீடு புகுந்து கொள்ளையடிப்பதும் குறைந்திருக்கிறது. விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். கண்ணாடியக்கா பரிமாறுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி ஜெயித்துவிட்டான் என்றே நினைத்துவிட்டாள்.

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "சரி மச்சான். அங்க சட்டம் வந்துச்சு, குறைஞ்சுது. நம்ம பக்கம் சட்டம் வரல. இங்க கூடிச்சா?"

தசமம் கண்ணைக் கொட்டினான். "இங்கயும்... குறைஞ்சுதுதான்."

"எவ்வளவு?"

"கிட்டத்தட்ட அதே அளவு."

"அப்ப சட்டத்தாலதான் குறைஞ்சுதுன்னு எப்படிச் சொல்ற?"

கண்ணாடியக்கா நின்றபடியே மேசைக்கடியில் தம்பியின் காலை ஒரு மிதி மிதித்தாள். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நியாயமான கேள்வி ஒன்று காதில் விழுந்துவிட்டால் அவனுக்கு உலகமே மறந்துபோகும்.

"நல்ல கேள்வி மாமா. அதை அவ்வளவு சுலபமாச் சொல்ல முடியாது. வேலைவாய்ப்பு, போலீஸ் எண்ணிக்கை, இளவயசுக்காரங்க எத்தனை பேருன்னு ஆயிரம் காரணம் இருக்கு. சட்டம் உதவியிருக்கலாம். உதவலன்னும் வாதிடலாம். உங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு."

போச்சு. எல்லாம் போச்சு. அவர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கேட்டியா? கவர்மெண்ட் ஆளே ஒத்துக்கிட்டான்! குழம்பை இன்னும் கொஞ்சம் ஊத்து!" அன்று அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார். அந்தக் குறட்டையைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. துப்பாக்கி ஒழியட்டும் என்று இவள் ஏற்பாடு செய்த சண்டைதான் மனுஷனுக்குப் பசியைக் கொடுக்கிறது, தூக்கத்தைக் கொடுக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் திங்கட்கிழமை வந்துவிடுகிறதே.

தம்பியை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனாள். தெரு முனை தாண்டியதும் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையெல்லாம் யாருடா வேலைக்கு வச்சா? உனக்குச் சோறு போட்டு வளர்த்ததுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்காக ஜெயிச்சா குறைஞ்சா போயிடுவ?"

"அக்கா, அவர் கேட்டது நியாயம். நான் எப்படி இல்லன்னு சொல்றது? பீரோ சின்னதுன்னா வேற பீரோ வாங்கிக்கலாமே."

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் வேறு யாருமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மதியம் பார்த்ததைச் சொன்னாள். எண்ணெய் வாசனை இல்லாததைச் சொன்னாள். விடியுமுன்னே அவர் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைச் சொன்னாள். "எனக்கு நாட்டுல குற்றம் குறைஞ்சா என்ன, கூடினா என்னடா? அந்த மனுஷன் எனக்கு வேணும்" என்றாள்.

ஒரு பஸ் வந்து, நின்று, தசமம் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"நாங்க அதை எண்றதே இல்லக்கா," என்றான் கடைசியில். "எங்க கணக்குல குற்றம் மட்டும்தான் வரும். ஒருத்தர் தனக்குத்தானே பண்ணிக்கிறது வேற டிபார்ட்மெண்ட். இத்தனை வாரமா நானும் மாமாவும் அடிச்சுக்கிட்ட கணக்குல நீ பயப்படறது ஒரு ஓரத்துலகூட இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நான் வேணா அடுத்த வாரம் பொய் சொல்றேன்."

"என்னது?"

"பொய்க்கணக்கு சொல்றேன். அவர் மறுத்துப் பேச முடியாத மாதிரி."

அதைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயசில் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தது யார் என்று அப்பா கேட்டபோது, கேட்காத கேள்விக்கும் சேர்த்து உண்மை சொல்லி இவளையும் மாட்டிவிட்டவன் அவன். அவன் பொய் சொல்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் அது சாமானியமான விஷயமா? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "சொல்லுடா" என்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வந்தபோதே முகம் வெளிறியிருந்தது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, புதுசா ஒரு ஆய்வு வந்திருக்கு. பக்கத்து மாகாணத்துல சட்டம் வந்ததுக்கப்புறம் கொலை பாதியா குறைஞ்சிருச்சு. முழுக்க முழுக்க அந்தச் சட்டத்தாலதான். வேற காரணமே கிடையாது."

அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்த கையை இறக்கினார். "என்ன சொன்ன?"

"பாதி மாமா."

"சரியா பாதியா?"

"சரியா பாதி."

"வேற காரணமே கிடையாதா?"

"கிடையாது."

கண்ணாடியக்காவுக்கே அது காதில் நாராசமாக விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து "வேற காரணமே கிடையாது" என்று ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. அவனுக்குத் தலைவலி வந்தால்கூட மூன்று காரணம் சொல்வான். பொய் சொல்லத் தெரியாதவனைப் பொய் சொல்லவைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"மச்சான், இங்க பாரு," என்றார் அவர். கோபமே இல்லை குரலில். அதுதான் பயமாக இருந்தது. "நீ பொய் சொல்ற."

தசமம் தரையைப் பார்த்தான்.

"தோத்தாலும் நேரா தோக்கற ஆளுடா நீ. உன்கூடப் பேசறதே அதுக்குத்தான். எதுக்குப் பொய்? யார் சொல்லச் சொன்னா?"

"நான்தான்," என்றாள் கண்ணாடியக்கா.

கையில் இருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள். வைக்கும்போது அது தட்டில் பட்டு ஒலித்தது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"நான்தான் சொல்லச் சொன்னேன். பொய் சொல்லியாவது அந்தத் துப்பாக்கி இந்த வீட்டைவிட்டுப் போகணும். சட்டம் வரட்டும் வராம போகட்டும். உங்க வாதத்துல நீங்களே ஜெயிச்சுக்குங்க. எனக்குத் திருடனைப் பார்த்துப் பயமில்லைங்க. உங்களைப் பார்த்துத்தான் பயம்."

"என்னைப் பார்த்தா?"

"அன்னிக்கு மத்தியானம் அதை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. துணியில்ல, எண்ணெயில்ல. துடைக்கவா எடுத்தீங்க? சொல்லுங்க. துடைக்கத்தான்னு சொல்லுங்க, நான் நம்பிடறேன்."

அவர் சொல்லவில்லை. கீழ்வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்து, இரண்டு பேரையும் பார்க்காமல், படுக்கையறைக்குள் போனார்.

பீரோ சாவி திரும்பியது.

தசமம் பாதி எழுந்தவன் அப்படியே அவளைப் பார்த்தான். அவள் அதற்குள் ஓடிவிட்டாள். கதவை அவர் சாத்தவில்லை. உள்ளே, பீரோவுக்கு முன்னால் துப்பாக்கியோடு நின்றிருந்தார். இவளைக் கண்டதும் குழலை மடக்கித் திறந்து, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி அவள் பக்கம் காட்டினார். வங்கியில் வேலை முடிந்து கிளம்பும்போது மேலாளருக்கு முன்னால் தினமும் அப்படித்தான் காட்டுவாராம்.

"காலி," என்றார்.

பீரோவின் மேல்தட்டிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதை நீ பிடி. ரெண்டும் ஒரே ஆள் கையில இருக்கக் கூடாது." பெட்டியை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன. துப்பாக்கியைக் கழற்றி, கைப்பிடிக் கட்டையையும் குழலையும் உறைக்குள் போட்டு, பொத்தானை மாட்டிவிட்டு, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார். "இப்படியேவா போறது" என்று முணுமுணுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார். அவ்வளவு நேரமும் அவள் கட்டிலில் தோட்டாப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி உறை அவள் காலடியில் கிடந்தது.

கூடத்துக்கு வந்ததும், "மச்சான், ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன்ல வாங்குவாங்களா?" என்று கேட்டார்.

"வாங்குவாங்க மாமா."

"விசாரிச்சுட்டுச் சொல்றியா, இதுவும் பொய்யா?"

"அறிவிப்புல போட்டிருக்கு மாமா. எல்லா நாளும்னு."

"அப்ப டாக்சி கூப்பிடு. இன்னொண்ணு. வாதத்துல நான் தோக்கல. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

டாக்சியிலும் வாய் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துவிட்டால் கத்தியால் குத்துவான், கத்தியைப் பிடுங்கினால் கல்லை எடுப்பான் என்றார் அவர். கத்தியால் குத்துப்பட்டவர்கள் பிழைப்பது அதிகம் என்றான் அவன். எவ்வளவு அதிகம் என்றார் இவர். ஊரைப் பொறுத்தது என்று ஆரம்பித்துவிட்டான் அவன். பின்சீட்டில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கண்ணாடியக்கா, ஆண்டவா, இந்த இரண்டும் இப்படியே நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் கூட்டமில்லை. பெஞ்சில் சைக்கிளைத் தொலைத்த ஒருவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த எழுத்தர், லைசென்சை வாங்கித் துப்பாக்கியின் எண்ணோடு சரிபார்த்தார். தோட்டாப் பெட்டியைக் கேட்டு வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். நல்ல மாதிரி மனிதர். பேச்சுக்கொடுத்துக்கொண்டே எழுதினார்.

"சட்டம் வந்துடும்னு பயந்து குடுக்கறீங்களா சார்?"

"சட்டமா? அதால ஒண்ணும் குறையாது. நம்பலன்னா என் மச்சானைக் கேளுங்க, அவன் எடுக்கற கணக்குதான் எல்லாம்."

எழுத்தர் மச்சானைப் பார்த்தார். "உறுதியாச் சொல்ல முடியாது சார்," என்றான் தசமம், மிகவும் பணிவாக.

"அப்புறம் ஏன் குடுக்கறீங்க? நல்லா வச்சிருக்கீங்களே, புதுசு மாதிரி. கட்டாயம் சொல்லணும்னு இல்ல. தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்."

இதற்குக் கண்ணாடியக்கா வரும் வழியிலேயே ஒரு பதில் தயார் செய்துவைத்திருந்தாள். வேலை போய்விட்டது, இனி எதற்கு, பீரோவில் இடமில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வீட்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. அங்க இது இருக்கக் கூடாது."

"அடடா. யாருக்கு சார்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் பேரைச் சொல்லட்டும், எனக்குப் பைத்தியம் என்றுகூடச் சொல்லட்டும், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள் அவள். துப்பாக்கி மேசைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அது போதும்.

"எனக்குத்தான்," என்றார் அவர்.

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு அவரை ஒரு தடவை பார்த்தார். சற்றுக் கழித்து மெதுவாக, "டாக்டர் யாரையாவது பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. நாளைக்குப் போகணும்," என்றார் அவர். "தனியாப் போகப் பயமா இருக்கு. இவ கூட வருவா."

அவளிடம் அவர் கேட்கவே இல்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடியக்கா காவல் நிலையம் என்றும் பார்க்காமல், சைக்கிள்காரர் விழித்துக்கொண்டதையும் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.

"வருவேன்," என்றாள்.